பத்திரப் பொட்டிக்குள்ள ஒரு கவரு

எண்பத்தி மூணாம் வருசம் வைகாசி மாசத்துல ஆரம்பிச்சதுங்க இது. திருச்செங்கோட்டுலருந்து நாமக்கல் போற ரோட்டுல எறங்கி, உள்ள ரெண்டு மைலு நடந்தா எங்க தோட்டம். வருசத்தை எப்படி இவ்வளவு கரெக்டா சொல்றேன்னு கேப்பீங்க. எனக்குப் படிப்பு வாசமே கெடையாதுங்க, கையெழுத்துன்னாப் பெருவெரலுதான். ஆனா அந்த வருசந்தான் எங்க ஊருக்கு மொதமொதல்ல டவுன் பஸ்ஸு வந்துச்சு. வாழமரம் கட்டி, ஆரத்தி எடுத்து, டிரைவருக்குத் துண்டு போட்டோம். அது மறக்குமுங்களா?

பக்கத்தூட்டுப் புள்ள காலேஜுல படிக்குது. வாரா வாரம் புத்தகம் வாங்கியாந்து எனக்குப் படிச்சுக் காட்டும். "தங்களுக்கு நடந்தத எல்லாரும் இதுல எழுதிப் போடறாங்க, உனக்கு ஒண்ணுமே நடக்கலையா ஆயா?"ன்னு கேட்டுச்சு. எனக்கா நடக்கல? எழுதடின்னு சொல்லி ஒக்கார வெச்சுட்டேன். இதுல தப்பு கிப்பு இருந்தா எழுதுனவ தப்புங்க. சொன்னவ தப்பில்ல.

எனக்கு ஒரே பையன். அவங்கப்பன் போயி ரொம்ப வருசமாச்சு. பையன் ரிக்கு வண்டி மெக்கானிக்கு. பூமியத் தொளச்சுத் தண்ணி எடுக்கற வண்டிங்க. எங்க பக்கம் தடுக்கி உழுந்தா ஒரு ரிக்கு வண்டி மேலதான் உழுகோணும். வண்டி கெளம்புச்சுன்னா ஆறு மாசம் எட்டு மாசம் ஆளு ஊடு திரும்ப மாட்டான். எம்பையன் அதுக்கும் மேல போயி, ஆப்பிரிக்காவுல சாம்பியான்னு ஒரு நாட்டுக்கே தொளைக்கப் போயிட்டான். பொண்டாட்டியையும் நாலு வயசுப் பொண்ணையும் கூட்டிக்கிட்டு.

அன்னையிலருந்து ஊட்டுல நானும் ஆறு மேச்சேரி ஆடுந்தான். ஆட்டுக்கிட்டப் பேசுவேனுங்க. சிரிக்காதீங்க, பேசித்தான் ஆகோணும். இல்லைன்னா ரெண்டு நாளு வாயைத் தொறக்காமயே போயிருது, மூணாம் நாளு யாராச்சும் கூப்பிட்டாக் கொரலு வராது. ஒரு கைப்புடி அரிசி பொங்குனாச் சட்டியில ஒட்டற அளவுதான் வரும். அதுக்கு எதுக்கு அடுப்பு மூட்டறதுன்னு பாதி நாளு பழைய சோறுதான்.

அஞ்சு வருசங் கழிச்சு ஒரு காயிதம் வந்துச்சு. ரிக்கு வேலை காட்டுப் பக்கம் போயிருச்சாம். அங்க பக்கத்துல பள்ளிக்கூடம் இல்லியாம். பொண்ண எங்கியோ தூரத்துல ஹாஸ்டல்ல போடறதுக்குப் பதிலா, "ஒரு வருசம் அம்மாகிட்ட உட்டுப் பாக்கறோம். ஒட்டுச்சுன்னா இருக்கட்டும், ஒட்டலைன்னா சித்திரைக்குக் கூட்டியாந்து ஹாஸ்டல்லயே போட்டுக்கறோம்"னு எழுதியிருந்தாங்க. தபால்காரரு படிச்சாரு. நான் திருப்பித் திருப்பி மூணு தடவை படிக்கச் சொன்னேன். பாவம், அவருக்குத் தண்ணி தவிச்சே போச்சு.

அயோத்தியாப்பட்டணத்துக்காரரு ஒருத்தரு, பையங்கூட வேலை செய்யறவரு, லீவுல வாரப்பப் பேத்தியக் கூட்டியாந்து உட்டாரு. ஒம்பது வயசு. ஒல்லியா, ஒசரமா, அப்படியே அவங்க அப்பாரு மூக்கு. கூடவே ரெண்டு கவரு குடுத்தாரு. ரெண்டையும் பள்ளிக்கூடத்துல குடுத்துருங்கன்னு சொன்னாரு. அங்கதானுங்க நான் புத்திசாலித்தனம் பண்ணுனது. எங்களுக்குக் காயிதம்னாப் பயம். பாகப் பத்திரத்துல ஒண்ணு கைவிட்டுப் போயி எங்க மாமனாரு எட்டு வருசம் அலைஞ்சவரு. அதனால எந்தக் காயிதமா இருந்தாலும் ஒண்ணக் குடுத்துட்டு ஒண்ணக் கையில வெச்சுக்கோணும்னு எம்புத்தியில ஊறிப்போச்சு. ரெண்டும் ஒண்ணுதான்னு நெனச்சு, ஒரு கவரப் பள்ளிக்கூடத்துல குடுத்தேன். இன்னொண்ணத் தகரப் பொட்டியில பூமிப் பத்திரத்தோட வெச்சு, வேப்பந்தழை போட்டுப் பூட்டிட்டேன்.

அந்த மொத மாசம் இருக்குதே, எங்கல்யாணத்துல கூட நான் அப்படிச் சந்தோசமா இருந்ததில்லீங்க. பேசிக்கிட்டே இருப்பா. சாம்பியாவுல காலையில ஒரு கூட்டம் புள்ளைங்க படிக்குமாம், மத்தியானம் இன்னொரு கூட்டமாம். பெஞ்சுல மூணு மூணு பேரா ஒக்காருவாங்களாம். எல்லாமே இங்கிலீசுதானாம். டீச்சரம்மா அந்த நாட்டுக்காரங்க, பாட்டு ஆரம்பிச்சாங்கன்னா ஒரு பக்கத்துப் புள்ளைங்க ஒரு மாதிரியும் அடுத்த பக்கத்துப் புள்ளைங்க வேற மாதிரியும் பாடி ஒண்ணாச் சேருவாங்களாம்.

இன்னொண்ணு சொன்னாப் பாருங்க, எனக்குச் சிரிப்புத் தாங்கல. நான் ஊரெல்லாம் "எம்பேத்தி சீமைப் படிப்பு படிக்கறா, காலு மண்ணுல படாது"ன்னு பீத்தியிருந்தேன். இவ வந்த நாலாம் நாளு மம்பட்டியத் தூக்கிட்டுப் போயி வாய்க்கா வரப்ப வழிச்சு உடறா! அங்க பள்ளிக்கூடத்துக்குன்னு தோட்டம் இருக்குதாம். மக்காச்சோளம் போடுவாங்களாம். புள்ளைங்கதான் கொத்தோணுமாம், அதுக்கும் தனியா ஒரு பீரியடாம். களி கிண்டிப் போட்டா உருட்டி உருட்டித் திம்பா. அங்கயும் மக்காச்சோள மாவுல களிதானாம். "அது வெள்ளையா இருக்கும் அப்பத்தா, இது கறுப்பா இருக்குது, அவ்ளோதான்"னா.

இன்னொரு பழக்கம் இருந்துச்சு. நான் எது குடுத்தாலும், ஒரு கை கடலக்கா குடுத்தாக் கூட, முட்டிய லேசா மடக்கி, ரெண்டு கையயும் சேத்து மெதுவா ரெண்டு தட்டுத் தட்டிட்டுத்தான் வாங்குவா. கொழந்த சந்தோசத்துல தட்டுதுன்னு நெனச்சேன். "இன்னொருக்காத் தட்டு சாமி"ம்பேன். ஒறம்பரைக்காரங்க வந்தா, வெல்லம் போட்டுச் சுட்ட கச்சாயத்தக் கையில வெச்சுக்கிட்டுத் தட்டிக் காட்டச் சொல்லுவேன். அவளும் தட்டுவா. இவங்க எதுக்குச் சிரிக்கறாங்கன்னு பாப்பா.

ஆனி மாசம் பள்ளிக்கூடம் தொறந்துச்சு. தமிழ் பேசத் தெரியும், ஆனா ஒரு எழுத்துத் தெரியாது. அதனால ஒண்ணாங்கிளாஸ்ல போட்டாங்க. இத்துனூண்டு புள்ளைங்களுக்கு நடுவால, தரையில, கழுத்த நீட்டிக்கிட்டு ஒக்காந்திருந்தா. பங்காளியூட்டுக்காரி ஒருத்தி, நான் பீத்துனதையெல்லாம் கேட்டு வயித்தெரிச்சல்ல இருந்தவ, கெணத்து மேட்டுல நின்னு சத்தமாக் கேட்டா: "ஏனக்கா, சீமையில அஞ்சு வருசம் படிச்சது இங்க ஒண்ணாங்கிளாஸுக்குத்தான் ஆகுமாக்கும்?" நான் கொடத்தத் தூக்கிட்டு வந்துட்டேன். வந்த பொறவு நல்ல பதிலா நாலு தோணுச்சு. என்ன பிரயோசனம்?

ஆடி பொறந்து ரெண்டாம் வாரம் பள்ளிக்கூடத்துலருந்து ஆளு வந்துச்சு, வாத்தியாரு வரச் சொன்னாருன்னு. இங்கிலீசுல படிக்கறதப் பாத்து மெச்சத்தான் கூப்பிடறாருன்னு நெனச்சு, நல்ல சீலை கட்டி, ஒரு துணியில பச்சப்பயிறு மூட்டை கட்டிக்கிட்டுப் போனேன். வாத்தியாரு நல்லவருதாங்க. பொய் சொல்லக் கூடாது. கண்டிப்பானவரு. அவரு முன்னாடி கை கட்டித்தான் நிக்கோணும்.

"ஏனுங்கம்மா, உங்க பேத்தி என்னையப் பாத்துக் கை தட்டறாளுங்க. நோட்டு குடுத்தாத் தட்டறா, வெளிய போகோணும்னாத் தட்டறா. மத்த புள்ளைங்களும் பழகிட்டுத் தட்டுதுங்க. கிளாஸே சந்தை மாதிரி ஆயிருச்சு. வெளிநாட்டுல படிச்சா வாத்தியாரக் கேலி பண்ணலாமுங்களா?"

எங்க பக்கம் எப்படின்னு உங்களுக்குத் தெரியாம இருக்கலாம். பண்ணையத்து ஆளைக் கூப்பிட்டாக் கூட, "ஏனுங்க", "வாங்க", "போங்க"ன்னுதான் பேசுவோம். ஒருத்தரக் கை தட்டிக் கூப்பிட்டா அன்னைக்கு அடிதடிதான். "நான் என்ன நாயா?"ன்னு கேட்டு ரெண்டு தலைமுறை பேச்சு வார்த்தை இல்லாம போன ஊடு இருக்குது. எனக்கு மூஞ்சியெல்லாம் எரிஞ்சுது. பேத்தியக் கூப்பிட்டேன். வந்தா. நான் கோவமா நிக்கறதையும் வாத்தியாரு குச்சியோட நிக்கறதையும் பாத்தா. பாத்தவ என்ன பண்ணுனாத் தெரியுமுங்களா? நல்லா முட்டி போட்டு, தலையக் குனிஞ்சுக்கிட்டு, எங்க ரெண்டு பேரு முன்னாடியும் கை தட்டுனா.

அடிச்சுட்டேன். கையில ஒண்ணு, கன்னத்துல ஒண்ணு. பள்ளிக்கூடமே பாத்துச்சு.

அவ அழுகல. எந்திரிச்சா. கையக் கட்டிக்கிட்டா. அவ்ளோதான்.

அதுக்கப்பறம் அவ தட்டவே இல்ல. பேசவும் இல்ல. கேட்டா "ம்", "இல்ல". பள்ளிக்கூடத்துல எல்லாருக்கும் ரொம்ப சந்தோசம். "புள்ள பழகிருச்சுங்கம்மா. கை கட்டி எவ்வளவு அடக்கமா ஒக்காருது பாருங்க"ன்னு வாத்தியாரே சொன்னாரு. அவ கட்டுன கைய ஊட்டுக்கு வந்தும் அவுக்கலைன்னு அவருக்கு எப்படித் தெரியும்? நான் சோத்துத் தட்ட நீட்டுனா வாங்க மாட்டா. கீழ வெச்சுட்டு நான் நவுந்துக்கோணும். அப்பறந்தான் வந்து எடுப்பா. தல வாரி உட ஒக்காருவா, அப்பவும் கைய அக்குள்ல வெச்சு அமுக்கிக்கிட்டு. மம்பட்டியத் தொடறதில்ல. ஆட்டுக்கு மட்டும் தழை ஒடிச்சுப் போட்டு, அதுங்ககிட்ட வேற பாஷையில என்னமோ மொணமொணன்னு பேசுவா. என்னையப் பாத்தா நிறுத்திக்குவா.

முன்ன ஒத்தையில இருந்தேனே, அது ஒரு தனிமை. அதுக்குப் பழகிட்டேன். ஊட்டுக்குள்ள நம்ம ரத்தம் ஒண்ணு இருந்து, சோறும் தின்னு, நம்மகிட்டப் பேசாம இருக்குது பாருங்க, அதுக்குப் பழகவே முடியலீங்க. ரெண்டு பேத்துக்கு ஒலை வெக்கறேன், ஊடு முன்னைய விட அமைதியா இருக்குது.

மாசம் ஒருக்காப் பையனுக்குக் காயிதம். தபால்காரரு எழுதுவாரு. நான் என்ன சொன்னேன்னு கேளுங்க. "பொண்ணு நல்லா ஒட்டிக்கிச்சு, பள்ளிக்கூடத்துல நல்ல பேரு." வேற என்னத்தச் சொல்லுவேன்? ஒட்டலைன்னு சொன்னாச் சித்திரைக்குக் கூட்டிட்டுப் போயிருவாங்க. ஒட்டிருச்சுன்னு சொன்னா இவ இப்படியே கை கட்டிக்கிட்டு என்னோட கெடக்கோணும். ரெண்டுல எது பாவம்னு எனக்குத் தெரியல. பொய்யத்தான் சொன்னேன். எழுதும்போது அவ கதவு நிலையில சாஞ்சு நின்னு கேட்டுக்கிட்டே இருந்தா.

தை முடிஞ்சு மாசி. வாத்தியாரு மறுபடியும் கூப்பிட்டாரு. தமிழ் எழுத்து எல்லாம் புடிச்சுக்கிட்டாளாம், அடுத்த வருசம் நாலாங்கிளாஸ்லயே போட்டுரலாமாம். "முன்ன குடுத்த சர்ட்டிபிகேட்ட ஆபீசுக்கு அனுப்பிட்டேனுங்க. இன்னொண்ணு இருக்குதுங்களா?"ன்னு கேட்டாரு. பாருங்க! எனக்கு வந்த பெருமை! ஒண்ணக் கையில வெச்சிருந்தது எவ்வளவு நல்லதாப் போச்சு! ஊட்டுக்கு ஓடிப் போயி, பொட்டியத் தொறந்து, வேப்பந்தழையத் தட்டி உட்டு, அந்தக் கவர எடுத்தாந்து நீட்டுனேன்.

வாத்தியாரு கிழிச்சாரு. பாத்தாரு. கண்ணாடியப் போட்டுக்கிட்டு மறுபடியும் பாத்தாரு.

"இது சர்ட்டிபிகேட்டு இல்லீங்கம்மா. உங்க மருமக எனக்கு எழுதுன காயிதம்."

"படிங்க சாமி."

படிச்சாரு. எனக்கு வார்த்தைக்கு வார்த்தை ஞாபகம் இருக்குது. "ஐயா அவர்களுக்கு வணக்கம். எங்க பொண்ணு இங்க பள்ளிக்கூடத்துல படிச்சவ. இங்க பெரியவங்க முன்னாடி முட்டி மடக்கி, கையக் குழியா வெச்சு மெதுவாத் தட்டறதுதான் மரியாதை. நாம கும்புடற மாதிரி. எதுவும் வாங்கறதுக்கு முன்னாடியும் தட்டோணும், தப்புப் பண்ணுனா முழுசா முட்டி போட்டுத் தட்டி மன்னிப்புக் கேக்கோணும். அவ அதையேதான் செய்வா, அவளுக்கு வேற தெரியாது. கோவிச்சுக்காம நம்ம பழக்கத்த மெல்லச் சொல்லிக் குடுங்க. அத்தைகிட்டயும் சொல்லிருங்க."

வாத்தியாரு மடிச்சாரு. பிரிச்சாரு. மறுபடியும் மடிச்சாரு. "இத அன்னைக்கே குடுத்திருந்தீங்கன்னா..."ன்னு ஆரம்பிச்சவரு, முடிக்கல. அப்பறம், "நானும் ஒரு வார்த்தை கேக்கலியே அந்தப் புள்ளைய"ன்னாரு.

அதுதானுங்க. அவளுக்குத் தமிழ் பேசத் தெரியும். ஏஞ் சாமி தட்டறேன்னு கேட்டிருந்தாச் சொல்லியிருப்பா. நானும் கேக்கல, அவரும் கேக்கல. கும்புட்டுக்கிட்டு இருந்த கொழந்தையப் புடிச்சு அடிச்சிருக்கேன். அத்தனை ஒறம்பரைக்கு முன்னாடி, ஒருத்தரு கும்புடறத வேடிக்கை காட்டியிருக்கேன்.

வரப்பு வழியா எப்படி நடந்தேன்னு தெரியல. ஊட்டுக்கு வந்து கச்சாயம் சுட்டேன். வேற என்ன செய்யத் தெரியும் எனக்கு? சாயங்காலம் வந்தா. பையக் கழட்டுனா, கையக் கட்டிக்கிட்டு நின்னா. நான் கச்சாயத் தட்ட அவ கையில குடுத்து, புடி சாமின்னேன். வேற வழியில்லாமப் புடிச்சா. எனக்கு முட்டி வலி ஜாஸ்திங்க, மலைக்கோயில் படியேறி எத்தனை வருசமோ ஆச்சு. செவுத்தப் புடிச்சு, ஒரு காலு மடக்கி, அப்பறம் இன்னொண்ணு மடக்கி, அவ முன்னாடி முட்டி போட்டேன். போட்டு, கையத் தட்டுனேன்.

பட்டுப்பட்டுன்னு சத்தம். காக்கா ஓட்டற மாதிரி.

அவ என்னையே பாத்தா. அப்பறம் தட்டக் கீழ வெச்சுட்டு, எம்முன்னால ஒக்காந்து, எங்கைய இழுத்தா.

"அப்படி இல்ல அப்பத்தா. அது ஆளக் கூப்பிடறது. கையக் குழியாக்கு. உள்ள தண்ணி இருக்கற மாதிரி."

ஏழு மாசத்துல அதுதான் எங்கிட்ட அவ பேசுன முழுப் பேச்சு. வெரலு வெரலா மடக்கி உட்டா. தட்டுனேன். பொக்கு பொக்குன்னு, காலிப் பானையத் தொட்ட மாதிரி ஒரு சத்தம் வந்துச்சு. அவ தலையாட்டுனா. "எந்திரிக்க முடியுமா?"ன்னு கேட்டா. முடியல. ரெண்டு பேரும் அங்கயே ஒக்காந்து கச்சாயம் தின்னோம். அப்பத்தானுங்க அழுதா. ஆடியில அழுக வேண்டியத மாசியில அழுதா.

அடுத்த நாளு வாத்தியாரு கிளாஸ்ல என்ன சொன்னாரோ, எனக்குத் தெரியாது. அவ சொல்லல, நான் கேக்கல. ஆனா அந்த வாரமே மம்பட்டியத் தூக்கிட்டா.

அந்தச் சித்திரையில காயிதம் போட்டப்பப் பொய் சொல்ல வேண்டியதில்லாம போச்சு. இன்னும் ரெண்டு வருசம் எங்கூட இருந்தா. அப்பறம் பையன் வேற டவுனுக்கு மாறிட்டான், அங்க நல்ல பெரிய பள்ளிக்கூடமாம். வந்து கூட்டிட்டுப் போனாங்க. சேலம் பஸ் ஸ்டாண்டு வரைக்கும் போயி உட்டுட்டு வந்தேன். ஜன்னல்லருந்து குழிச்சுத் தட்டுனா. நானும் தட்டுனேன். பக்கத்துல முறுக்கு விக்கறவரு என்னையத்தான் கூப்பிடறீங்களான்னு கேட்டு ஓடியாந்துட்டாரு! அழுகையிலயும் சிரிப்பு வந்துருச்சு. காசு குடுத்து ரெண்டு முறுக்கும் வாங்கிட்டேன். திங்கத்தான் ஆளில்ல.

இப்பவும் நானும் ஆடுந்தான். நாலு ஆடு. ஊடு பழையபடி. ஆனா மாசம் தவறாமக் காயிதம் வருது. அவளே தமிழ்ல எழுதறா, அந்த ஒண்ணாங்கிளாஸ் தரையில ஒக்காந்து படிச்ச தமிழ். தபால்காரரு நீட்டுனா, என்னையறியாம முட்டி லேசா மடங்குது, கை தட்டுது. அவரும் பழகிட்டாரு. "வாங்கிக்குங்க ஆயா, மரியாதையெல்லாம் போதும்"பாரு. வந்த அன்னைக்கே, அவரு சைக்கிள் ஸ்டாண்டு போடறதுக்குள்ள, கவரக் கிழிச்சுப் படிக்கச் சொல்லிருவேன். பிரிக்காத காயிதத்தப் பொட்டிக்குள்ள வெக்கறதே இல்லீங்க இப்ப. கேக்காம உட்ட ஒரு கேள்வி, பிரிக்காம வெச்ச ஒரு கவரு, இந்த ரெண்டும் எங்கிட்டருந்து எம்பேத்தியோட ஏழு மாசத்த எடுத்துக்கிச்சு. அந்த ஏழு மாசம் மட்டும் எத்தனை காயிதம் வந்தாலும் திரும்பி வரப் போறதில்லைங்க.